ஒற்றைப் பொத்தான்கள்

அக்காவின் இரண்டு கால்களையும் நேராக்கித் தர சவப்பெட்டிக்காரர் ஐந்நூறு கேட்டார்.

கட்டிலின் கால்மாட்டில் நின்று, அளவு நாடாவைத் தலையிலிருந்து இடுப்பு வரை இழுத்தார். அங்கிருந்து முழங்கால் வரை கொண்டுபோனார். அதற்கு மேல் எந்தப் பக்கம் திரும்புவது என்று தெரியாமல் நாடாவைச் சுருட்டிச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு, "பெட்டி விலை தனி. இது வேலைக்கூலி" என்றார்.

நாற்பது வருஷமாக எத்தனையோ வைத்தியர்கள் கை வைத்தும் முடியாத காரியம். அதற்கு இவ்வளவு மலிவாக யாரும் விலை சொன்னதில்லை.

அக்கா இடது பக்கமாகச் சாய்ந்து, முழங்கால்கள் வயிற்றைத் தொடுகிற மாதிரி மடங்கி, உள்ளங்கையைக் கன்னத்துக்கு அடியில் வைத்தபடி கிடந்தாள். நாற்பத்தொன்பது வயதில் அவள் தூங்கிய விதமும் இதுதான், விடிகாலை ஐந்து மணிக்கு மூச்சு நின்ற விதமும் இதுதான். தினமும் வேலை முடிந்து படுத்தவள் போலத்தான் இருந்தாள். கட்டிலுக்குப் பக்கத்தில் சக்கர நாற்காலி நின்றது. அதன் மேல் யாரோ கைப்பையையும் குடையையும் வைத்திருந்தார்கள்.

"எப்படி நேராக்குவீங்க?" என்று தம்பி கேட்டான்.

"கொஞ்சம் அழுத்தணும். ரெண்டு ஆள் வேணும். லேசா சத்தம் வரும்." அவர் குரலைத் தாழ்த்தினார். "வீட்டுக்காரங்க வெளிய இருந்துக்கிட்டா நல்லது."

"இப்படியே வைக்க முடியாதா?"

"மூடி மூடாதுங்க. ரெடியா இருக்கறது மூணு சைஸ்தான். மூணும் நேரா இருக்கறவங்களுக்கு."

ஜன்னலோரம் நல்ல நாற்காலியாகப் பார்த்து உட்கார்ந்திருந்த பெரியப்பா தொண்டையைச் செருமினார். எண்பது வயது. செருமினால் அறை அடங்கும் என்பது அவருக்கு இன்னும் ஞாபகம் இருந்தது.

"போறப்பவாவது நேராப் போகட்டும்டா. உயிரோட இருக்கறப்பதான் முடியல."

"அவ ஆசையும் அதுதானே" என்றாள் அத்தை, மூக்கைத் துடைத்துக்கொண்டு. "பாவம், இனிமேதான் விடுதலை. இந்நேரம் மேல ஓடியாடிட்டு இருப்பா."

அக்காவின் ஆசைகள் என்னென்ன என்று தம்பிக்குத் தெரியும். வங்கியில் பணம் கட்டும் ஜன்னல் ஓர் அடி இறங்க வேண்டும், உள்ளே இருக்கிறவனுக்குத் தன் நெற்றிக்குப் பதில் முகம் தெரிய வேண்டும். தெருமுனை நடைபாதையில் ஒரு சாய்வு வைக்க வேண்டும். அவர்களுடைய பொத்தான் கடைக்கு ஜிப் விற்கிற ஏஜென்ட் ஒரு தடவையாவது உண்மையான விலையை முதலில் சொல்ல வேண்டும். ஓடியாடுவது இந்தப் பட்டியலில் இருந்ததில்லை. மேலே போனதும் அவள் கேட்கிற முதல் கேள்வி, வழியில் எத்தனை படி என்பதாகத்தான் இருக்கும்.

இதையெல்லாம் சொல்லத்தான் வாயைத் திறந்தான். அதற்குள் தலை ஆடிவிட்டது.

அவனுடைய தலை அப்படி. எதிரில் யாராவது கொஞ்சம் உறுதியாகப் பேசினால் போதும், வார்த்தை முடிவதற்குள் தலை மேலும் கீழும் போய்விடும். கடைத்தெருவில் அவனுக்குப் பெயரே 'சரி'. "சரி இருக்காரா?" என்றுதான் வந்து கேட்பார்கள். அவன் தனியாகக் கொள்முதலுக்குப் போன ஒரே வருஷத்தில், பத்து ஊருக்குக் காணும் அளவு ஊதா நிறப் பொத்தானை அவன் தலையில் கட்டிவிட்டார்கள். அதற்குப் பிறகு கொள்முதல் முழுக்க அக்காவின் பொறுப்பு. "உன் தலை கழுத்துல இல்லடா, ஸ்பிரிங்குல இருக்கு" என்பாள்.

சவப்பெட்டிக்காரர் அந்தத் தலையாட்டலைக் கையோடு வாங்கிக்கொண்டார். "அப்ப சரி. பதினோரு மணிக்கு ரெண்டு ஆளோட வந்துடறேன். நாலு மணிக்கு எடுத்துடலாம்."

அவர் போய்விட்டார். பெரியப்பா தேநீர் கேட்டார்.

தம்பியின் மனைவி அடுப்படியில் பால் காய்ச்சிக்கொண்டே அவனைப் பார்த்தாள். "அண்ணிகிட்ட யாராவது கேட்டீங்களா?"

"எப்படிக் கேக்கறது இப்ப?"

"இப்ப முடியாது. இதுக்கு முன்னாடி கேட்டிருக்கீங்களான்னு கேட்டேன்."

பால் பொங்கியது. அவள் திரும்பிக்கொண்டாள்.

கடைக்கதவில் விடுமுறை அட்டை மாட்டிவிட்டு வருவதாகச் சொல்லித் தம்பி வெளியே நடந்தான். கடைத்தெரு பத்து நிமிஷ நடை. அந்தப் பத்து நிமிஷத்தில் நாலு பேர் நிறுத்தினார்கள். ஜவுளிக்காரர் அவன் தோளில் கை வைத்து, "தப்பா எடுத்துக்காத. உனக்கும் ஒரு பாரம் இறங்குச்சு" என்றார். கடை வாடகையில் பாதி, கொள்முதல் முழுக்க, அவன் பிள்ளைகள் இருவரின் பள்ளிக்கூடச் சம்பளம், எல்லாவற்றையும் அந்தப் பாரம்தான் இத்தனை வருஷம் தூக்கியது. அவன் தலை ஆடியது.

பொத்தான் கடைக்குள் பகல் வெளிச்சம் பாதிதான் வரும். தரையிலிருந்து கூரை வரை சிறிய இழுப்பறைகள். ஒவ்வொன்றின் முகப்பிலும் உள்ளே இருக்கும் பொத்தானில் ஒன்று தைக்கப்பட்டிருந்தது. அக்காவின் கை எட்டுகிற உயரம் வரை தினமும் விற்கும் சரக்கு, அதற்கு மேல் ஊதாப் பொத்தான். கல்லா மேசை மற்றக் கடைகளைவிட ஒரு முழம் தணிந்தது. புதிதாக வருகிறவர்கள் குனிந்துதான் பேரம் பேச வேண்டும். குனிந்தவனுக்கு விலையைக் குறைக்கச் சொல்லும் தெம்பு பாதியாகிவிடும் என்பது அக்காவின் கண்டுபிடிப்பு. விலை சொல்கிற ஏஜென்டின் முகத்தை அவள் பார்க்கமாட்டாள், செருப்புக்குள் அவன் பெருவிரலைப் பார்ப்பாள். பொய் சொல்கிறவன் விரலை மடக்குவான். உட்கார்ந்த இடத்திலிருந்து பார்க்கிறவளுக்கு அது வசதி.

மேசைக்கு அடியில் அந்த ஜாடி இருந்தது.

ஒரு அட்டையில் பன்னிரண்டு பொத்தான். ஆறு ஆறாக, நாலு நாலாக வாங்கிப் போவார்கள். எங்காவது ஒன்று உடையும், ஒன்று தொலையும், கடைசியில் துணையில்லாமல் ஒன்று நிற்கும். அதை யாரும் வாங்கமாட்டார்கள். அப்படிப்பட்ட ஒற்றைப் பொத்தான்களை அக்கா ஒரு தட்டில் போட்டு வைத்திருந்தாள். வாடிக்கையாளர் யாராவது அவள் காலைப் பார்த்து, "ஒண்ணு சொல்றேன், தப்பா நினைக்காதீங்க" என்று ஆரம்பித்தால், அவள் கை தட்டுக்குப் போகும். அவர்கள் சொல்லி முடித்ததும், "ரொம்ப நன்றிங்க" என்பாள். பொத்தான் ஜாடிக்குள் டக்கென்று விழும்.

எருமைக் கொழுப்பைத் தடவச் சொன்னவருக்கு ஒன்று. விடியற்காலையில் ஈரப் புல்லில் வெறுங்காலோடு நிற்கச் சொன்ன பெண்மணிக்கு ஒன்று. "முதல்ல நிக்கணுமாம், அப்புறம் குணமாகுமாம்" என்று அன்று முழுவதும் சிரித்தாள். மனசு வைத்தால் முடியாதது இல்லை என்றவருக்கு ஒன்று. மூன்று பிள்ளைகளோடு இருந்த ஒருவருக்கு இவளைக் கட்டிவைத்தால் இரண்டு பேருக்கும் உபகாரம் என்று வந்த தரகருக்கு ஒன்று. அவர் பெரிய மனிதர் என்பதால் கோட்டுப் பொத்தானாகப் பார்த்துப் போட்டாள். சாமான் வாங்காமல் அறிவுரை மட்டும் கொடுத்துவிட்டுப் போகிறவர்கள்மேல்தான் அவளுக்குக் கோபம். "ஓசிக்குக் குடுக்கறதுல ஜனங்களுக்கு எவ்வளவு தாராளம் பாருடா" என்பாள்.

கடைசியாக அவள் போட்டது நாலு நாளைக்கு முன்பு.

மூச்சு வாங்கியது அவளுக்கு. கெண்டைக்கால் வீங்கி, தொட்டால் வலித்தது. ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். டாக்டர் அக்காவைத் தாண்டி, பின்னால் நின்றிருந்த தம்பியைப் பார்த்துக் கேட்டார். "இவங்களுக்கு எத்தனை நாளா?"

"ஆறு நாளா" என்றாள் அக்கா.

"பசிக்குதா இவங்களுக்கு?"

"பசிக்குது" என்றாள் அக்கா. "கேள்வியை இங்க கேட்டீங்கன்னா சீக்கிரம் முடியும்."

டாக்டர் தம்பியைப் பார்த்துப் புன்னகைத்தார். பிள்ளையின் குறும்பைப் பெற்றவரோடு பகிர்ந்துகொள்கிற புன்னகை. "உக்காந்தே இருக்கறவங்களுக்கு இப்படித்தான் இருக்கும். கொஞ்சம் எழுந்து நிக்கப் பழக்குங்க. சத்து மாத்திரை எழுதறேன்."

"டாக்டர், கால் நாப்பது வருஷமா இப்படித்தான் இருக்கு. மூச்சு ஆறு நாளாத்தான் இப்படி."

அதற்குள் டாக்டர் எழுதி முடித்து, சீட்டைத் தம்பியிடம் நீட்டினார். அக்கா கழுத்தைத் திருப்பி அவனைப் பார்த்தாள். எதையாவது சொல்லுடா என்கிற பார்வை. அவன் சீட்டை வாங்கிக்கொண்டு தலையை ஆட்டினான்.

கடைக்கு வந்ததும் அவள் ஜாடியை எடுத்தாள். "டாக்டருக்கு ரெண்டு. படிச்சவரு." போட்டுவிட்டு மூச்சு வாங்க உட்கார்ந்திருந்தாள்.

"எனக்கு?" என்று வேடிக்கையாகக் கேட்டான்.

"நீ எங்கடா சொன்ன? தலைதானே ஆட்டின. அதுக்கெல்லாம் பட்டன் இல்ல."

அன்று அதைக் கேட்டு அவனுக்கு நிம்மதியாகக்கூட இருந்தது.

"கடை திறந்திருக்கா?"

தம்பி திரும்பினான். எதிர்ப்பக்கத்துத் தச்சர் வாசலில் நின்றிருந்தார். காதில் பென்சில், மீசையில் மரத்தூள். கடைத்தெருவுக்குச் சரக்குப் பெட்டி அடிப்பவர். இந்தக் கல்லா மேசையைச் செய்ததும் அவர்தான்.

"அட்டை மாட்ட வந்தேன்."

தச்சர் உள்ளே வந்து மேசையின் விளிம்பைத் தடவிப் பார்த்தார். ஆறுதல் எதுவும் சொல்லவில்லை. "பெட்டி யாரு செய்யறா?" என்று கேட்டார்.

தம்பி சொன்னான். மூன்று சைஸ், ஐந்நூறு, இரண்டு ஆள், லேசான சத்தம், எல்லாவற்றையும்.

"நீ என்ன சொன்ன?"

தம்பி ஜாடியைப் பார்த்தான். தச்சருக்கும் அவனைத் தெரியும்.

"ஏம்பா, சட்டை பத்தலன்னா சட்டையைத்தானே பிரிப்பாங்க" என்றார் தச்சர். காதிலிருந்து பென்சிலை எடுத்தார். "எங்கிட்ட உங்க அக்கா அளவு இருக்கு. உக்கார்ற உயரம், முட்டி அகலம், தோளு. மேசைக்கு எடுத்தது. என்ன உயரம் வேணும்னு கேட்டேன். கேட்டதுக்கே ஒரு நிமிஷம் என்னையே பாத்தாங்க. அப்புறம் அரை இஞ்சு சுத்தமா சொன்னாங்க. படுக்கறது எப்படி? ஒருக்களிச்சா?"

"இடது பக்கமா."

"அப்ப நீளம் கம்மி, உயரம் ஜாஸ்தி. மூணு மணி நேரம் ஆகும். அந்த ஆளுங்க எத்தனை மணிக்கு வர்றாங்க?"

"பதினொண்ணு."

"அதை நீதான் பாத்துக்கணும்" என்று சொல்லித் தச்சர் தெருவைக் கடந்தார்.

தம்பி வீட்டுக்கு வந்தபோது ஆட்கள் வந்திருந்தார்கள். கையில் அகலமான வார். ஒருவன் கட்டிலைச் சுவரிலிருந்து நகர்த்திக்கொண்டிருந்தான். ஈரமான மரத் தரையில் கட்டில் கால் கிறீச்சிட்டது. தம்பிக்கு அது பலகை கட்டிய நாட்களின் சத்தம்.

அப்போது அவனுக்கு ஐந்து வயது, அக்காவுக்கு ஒன்பது. அவளுக்கு ஒரு கால்தான் கோணல். சுவரைப் பிடித்துக்கொண்டு பள்ளிக்கூடம் வரை போய்வருவாள், வழியில் அவனை முந்தவும் செய்வாள். பெரியப்பாவுக்குத் தெரிந்த ஒரு முறிவு வைத்தியர் இருந்தார். நாற்பது நாள் பலகை கட்டினால் கால் கம்பி மாதிரி ஆகிவிடும் என்றார். அப்பா தயங்கினார். "நல்லதுக்குத்தானே சொல்றேன்" என்றார் பெரியப்பா. இரண்டு காலையும் சேர்த்துக் கட்டினார்கள், அளவு ஒன்றாக வர வேண்டுமாம். மாலையானால் அவள் வலியில் முட்டியைத் தூக்குவாள், பலகையும் சேர்ந்து தூக்கும். மேலே வைத்த எடைக்கல் நழுவி விழுந்தது. "சின்னவனை உக்கார வை" என்றார் பெரியப்பா.

நாற்பது நாளும், மாலையில் ஒரு மணி நேரம், தம்பி அந்தப் பலகைமேல் உட்கார்ந்தான். கையில் பிஸ்கட் கொடுத்தார்கள். "எழுந்திருடா" என்று அக்கா கெஞ்சினாள். "எழுந்திருக்காத" என்றார் பெரியப்பா. அவன் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்து, நின்றுகொண்டிருந்தவரிடம் தலையாட்டினான்.

நாற்பத்தொன்றாம் நாள் பிரித்தபோது குதிகாலில் புண் எலும்பு வரை போயிருந்தது. அதன் பிறகு இரண்டு முழங்காலும் மடங்கி அப்படியே இறுகிவிட்டன. ஒரு காலைத் திருத்தக் கொடுத்து, இரண்டையும் கோணலாகத் திரும்ப வாங்கினார்கள். அந்தக் கடையில் சரக்கைத் திருப்பி எடுக்கும் வழக்கம் இல்லை. பெரியப்பா, "அவ உடம்பு ஒத்துழைக்கல" என்று ஒரே வரியில் முடித்துவிட்டார்.

"நீங்க கொஞ்சம் வெளிய இருங்க" என்றார் சவப்பெட்டிக்காரர்.

தம்பி வெளியே போகவில்லை. கட்டிலுக்குப் போனான். ஆட்களின் கைகளுக்கும் அக்காவின் கால்களுக்கும் நடுவில், மெத்தையின் ஓரத்தில் உட்கார்ந்தான்.

"என்னடா இது? எழுந்திரு" என்றார் பெரியப்பா.

"இல்ல."

"உன்னைக் கேட்டுத்தானே ஏற்பாடு பண்ணினது? காலைல தலையாட்டின."

"ஆட்டினேன். தப்பு."

அறையில் இருந்தவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அவன் அந்தச் சொல்லை உபயோகித்து யாரும் கேட்டதில்லை.

"நாலு பேரு வந்து பாக்கற இடம்" என்றாள் அத்தை. "இப்படிச் சுருண்டு கிடந்தா என்ன நினைப்பாங்க? மூடி போட்டதும் யாருக்குத் தெரியப் போவுது?"

"யாருக்கும் தெரியப் போறதில்லைன்னா எதுக்கு அத்தை நேராக்கணும்?"

சவப்பெட்டிக்காரர் நாடாவை வெளியே எடுத்து மறுபடி உள்ளே வைத்தார். "ஆளுங்க வந்துட்டாங்க. பாதிக்கூலியாவது..."

"வெளிய என் வீட்டுக்காரி இருக்கா. வாங்கிக்குங்க."

பெரியப்பா எழுந்து நின்றார். எழுந்தால் எதிராளி இறங்கிவிடுவான் என்பது அவர் அனுபவம். "நல்லதுக்குத்தானேடா சொல்றோம்."

தம்பி நிமிர்ந்து அவரைப் பார்த்தான். உட்கார்ந்த இடத்திலிருந்து பார்க்கும்போது அவருடைய கால் பெருவிரல் தெரிந்தது. செருப்பில்லாத காலில் அது மடங்கியிருந்தது.

"அன்னிக்கும் நல்லதுக்குத்தான் சொன்னீங்க. என்னைத்தான் உக்கார வெச்சீங்க. ஞாபகம் இருக்கா?"

பெரியப்பா ஜன்னல் பக்கம் திரும்பினார். வாரைக் கொண்டுவந்தவன் அதைத் தன் கையில் சுற்ற ஆரம்பித்தான்.

அதன் பிறகு தம்பி அந்த இடத்தை விட்டு நகரவில்லை. ஒரு மணிக்கு மனைவி தேநீர் கொண்டுவந்தாள், அங்கேயே குடித்தான். அக்காவின் முழங்கால் அவன் முதுகில் பட்டுக்கொண்டிருந்தது. வந்தவர்கள் அவனைச் சுற்றிக்கொண்டு போய்ப் பார்த்தார்கள். சிலர் அவன் காதில் எதையோ சொன்னார்கள். சக்கர நாற்காலியை இல்லாதவர்களுக்குக் கொடுத்தால் புண்ணியம் என்றார் ஒருவர், குடையை எடுத்துக்கொண்டே.

இரண்டேகாலுக்குத் தச்சரும் கூலியாளும் பெட்டியைத் தூக்கி வந்தார்கள். குட்டையாக, உயரமாக, இழைத்த மரத்தின் வாசனையோடு இருந்தது. "இது பெட்டியா அலமாரியா?" என்று யாரோ முணுமுணுத்தார்கள். உள்ளே மெத்தைத் துணி அடித்திருந்தது. தச்சரும் தம்பியும் அவன் மனைவியும் அக்காவைத் தூக்கி வைத்தார்கள். எதையும் அழுத்த வேண்டியிருக்கவில்லை. உள்ளங்கை கன்னத்துக்கு அடியில் இருந்தபடியே இருந்தது. தச்சர் இரண்டு விரலை முழங்காலுக்கும் பலகைக்கும் நடுவில் விட்டுப் பார்த்து, "இடம் இருக்கு" என்றார்.

கல்லறைத் தோட்டத்தில் குழியை வழக்கமான நீளத்துக்கு வெட்டியிருந்தார்கள். இறக்கிய பிறகு பெட்டிக்குக் கால்மாட்டில் இரண்டடிக்கு மேல் வெறும் மண் மிஞ்சியது. குழி வெட்டியவன் அதைப் பார்த்துத் தலையைச் சொறிந்தான்.

ஆறு மணிக்குத் தம்பி கடையைத் திறந்தான். அட்டை மாட்டாமலே காலையில் வந்துவிட்டது அப்போதுதான் ஞாபகம் வந்தது. தணிந்த மேசைக்குப் பின்னால் தரையில் உட்கார்ந்து ஜாடியை மடியில் வைத்துக்கொண்டான். கழுத்துவரை நிறைந்திருந்தது. ஒற்றைப் பொத்தான் தட்டைப் பக்கத்தில் இழுத்தான்.

பெரியப்பாவுக்கு மூன்று போட்டான். அத்தைக்கு இரண்டு. ஜவுளிக்காரர் சட்டைக்கு எப்போதும் முத்துப் பொத்தான்தான் கேட்பார், தேடி எடுத்து அதையே போட்டான். குடைக்காரருக்கு ஒன்று. காதில் சொன்னவர்களில் முகம் ஞாபகம் இருந்தவர்களுக்கு நாலு. மொத்தம் பதினொன்று. மூடியைத் திருகினான்.

பிறகு மூடியைத் திறந்தான். ஆஸ்பத்திரியில் ஆட்டியதற்கு ஒன்று. காலையில் கட்டில் பக்கத்தில் ஆட்டியதற்கு ஒன்று.

பலகை நாற்பது நாள். தட்டில் மீதி ஒன்பதுதான் இருந்தன. ஒவ்வொன்றாக ஒன்பதையும் போட்டான். முப்பத்தொன்று பாக்கி.